வெயிலடிக்கிற ஊரில் வெள்ள இன்சூரன்ஸ்

எங்கள் தொழிலில் கதவைத் தட்டினால் முதலில் ஜன்னல்தான் திறக்கும். சீட்டுப் பிடிக்கிறவர்களும், மசாலாப் பொடி விற்கிறவர்களும், ஓட்டுக் கேட்டுப் போகிறவர்களும் இதைப் படித்தால் "ஆமாம்மா, ஆமாம்" என்று தலையாட்டுவார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவள். பிள்ளைகள் ரெண்டும் ஆளாகி வெளியூர் போன பிறகு, வீட்டில் சும்மா இருப்பானேன் என்று வீட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்டாகச் சேர்ந்தேன். காலையில் ஜெபமாலை சொல்லி முடித்துவிட்டுத் திண்டுக்கல்லில் பஸ் ஏறினால், வடமதுரைப் பக்கம் ஊர் ஊராகப் போவேன். தீயோ இடியோ வெள்ளமோ வீட்டைச் சேதப்படுத்தினால் கம்பெனி ஈடு கொடுக்கும். அதற்கு வருசத்துக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். விஷயம் அம்புட்டுத்தான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமா?

விளக்கு வைக்கிற நேரம்

சிறுமலை அடிவாரத்திலிருந்து வருகிற ஒரு ஓடை. வருசக்கணக்காகத் தண்ணீரைப் பார்க்காமல், உள்ளே கருவேலம் முளைத்துக் கிடந்தது. அதன் கரையில்தான் பஞ்சவர்ணத்தின் வீடு. அவள் மல்லிகை போட்டிருக்கிறாள்; வீட்டுக்காரர் முருகேசன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பத்து வருசம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுப்பிய காங்கிரீட் வீடு. பின்சுவர் கரையின் விளிம்பிலேயே நின்றது. ஒரு வெள்ளம் வந்தால் அந்தச் சுவர் போகும். சுவர் போனால் அவர்களுடைய பத்து வருசமும் போகும். அதனால்தான் மற்ற வீடுகளை விட்டாலும் அந்த வீட்டை நான் விடவில்லை.

முதல் தடவை போனபோது பொழுது சாய்கிற நேரம். "தாயி, இந்த ஓடையில வெள்ளம் வந்தா..." என்று ஆரம்பித்தேன். கையில் தீப்பெட்டியோடு அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுக்கு வெள்ளம் வரும்னு சொல்றீங்களே, நீங்க நல்லாருப்பீங்களா?"

கல் நட்டவர்

எந்த இடம் பள்ளம் என்று தெரிய வேண்டுமானால் பழைய வீடுகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள் என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஊரில் பழைய வீடுகளும் கோயிலும் மேட்டில்தான் இருந்தன. கீழே இருப்பதெல்லாம் புதுசு. பஞ்சவர்ணம் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒருவர் பிளாட்டுக் கல் நட்டு, கொடி கட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, கல்லு ஓடைக்குள்ளல்ல வருது?" என்று கேட்டேன். "உங்கள யாரு அனுப்புனா? பக்கத்து சைட்டுக்காரனா?" என்றார். யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன் என்று சொல்ல, அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

"அக்கா, நல்லாக் கேட்டுக்கங்க. அது ஓடை இல்ல, நாப்பதடி ரோடு. இடத்தைப் பத்தி இப்படி ஊருக்குள்ள பேசிட்டுத் திரியாதீங்க."

முருகேசன் கேட்ட கேள்வி

மூன்றாவது தடவை போனபோது முருகேசன் இருந்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். சரி, மாதா கண் திறந்துவிட்டாள் என்று பேனாவை எடுத்தேன். "அதெல்லாம் இருக்கட்டும். உங்க வீட்டுக்குப் போட்டிருக்கீங்களாக்கா?" என்றார்.

நான் போடவில்லை. எங்கள் வீடும் ஒரு வாய்க்கால் ஓரம்தான். மாதா பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டேன். பொய் சொல்ல வாய் வரவில்லை; பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த வாரமே என் வீட்டுக்குப் போட்டு, அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார், பேரையும் ஒருமுறை என்னிடமே கேட்டுச் சரிபார்த்தார்.

"சரி, நீங்களும் மாட்டிக்கிட்டீங்க. இனி நம்பலாம்."

பீரோவுக்குள்

வீட்டுக்கு மட்டும் போட்டால் சுவருக்கும் கூரைக்கும்தான் ஈடு. உள்ளே இருக்கிற சாமானுக்கும் வேண்டுமென்றால் இன்னின்ன பொருள் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னதும் பஞ்சவர்ணம் எழுந்து போய் முன்கதவைச் சாத்தினாள். கிரைண்டர், டிவி, கட்டில் வரைக்கும் சொன்னாள். பீரோவில் என்ன என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. "எழுதலேன்னா, நனைஞ்சு போனா ஒண்ணும் கிடைக்காது தாயி" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"பீரோன்னு எழுதிக்கங்க. உள்ள காத்துன்னு எழுதிக்கங்க."

கோலம் போட்ட வாசல்

கார்த்திகையில் ஒருநாள் பட்டப்பகல். திண்டுக்கல்லில் நல்ல வெயில். மாடியில் வடகம் காய வைத்திருந்தேன். முருகேசன் போன் பண்ணினார். அங்கேயும் ஒரு பொட்டு மழை இல்லையாம். மலைமேல் கொட்டிய மழை ஓடையில் இறங்கி, கருவேலத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. பூக் கட்டிக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் இரைச்சலைக் கேட்டு மேட்டுக்கு ஓடியதால் பிழைத்தாள். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பின்சுவர் விழுந்துவிட்டது. அவள் பிழைத்ததற்கு மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, "நாளைக்குக் காலையில சேதம் பாக்க ஆபீசர் வருவாரு. நான் முன்னாலயே வாரேன். எதையும் தொடாதீங்க" என்று ரெண்டு தடவை சொன்னேன்.

காலையில் போய்ப் பார்க்கிறேன், வாசலில் கோலம். உள்ளே சாம்பிராணி வாசம். தரை கண்ணாடி மாதிரி மின்னுகிறது. சுவரில் தண்ணீர் நின்ற தடத்தைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்திருக்கிறாள். விழுந்த சுவரின் செங்கலைக்கூடப் பொறுக்கி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். இவர்களே சுவரை இடித்தார்கள் என்று ஆபீசர் எழுதினால் நான் என்ன சொல்வேன்? "தொடாதேன்னு சொன்னேனே, பாவி மகளே!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குத்தான் என்மேல் கோபம்.

"ஆபீசர் வர்ற வீட்டைச் சேறோட வச்சிருந்தா என்னையப் பத்தி என்ன நினைப்பாரு? நீங்களும் குடும்பம் நடத்துனவங்கதானக்கா?"

ஸ்குரூ டிரைவர்

ஆபீசர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், அம்புட்டுச் சுத்தம். சுற்றிப் பார்த்தார். செல்போனை நோண்டினார். "நேத்து இந்தப் பக்கம் மழையே பதிவாகலயேம்மா" என்றார். மலையில் மழை சார், கீழே தண்ணீர் மட்டும்தான் வந்தது என்றேன். "செங்கலை யாரு அடுக்குனா?" என்றார். "இவதான் சார்" என்று முருகேசன் தன் பெண்டாட்டியைக் காட்டினார். "பீரோவுல என்ன இருந்துச்சு?" ஒன்றுமில்லை என்றாள் பஞ்சவர்ணம், கொல்லைக் கொடியில் ஏழு பட்டுச்சேலை ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஆபீசர் மூஞ்சியைப் பார்த்தால், எங்கள் மூன்று பேரையும் சேர்த்தே உள்ளே தள்ளிவிடுவார் போல இருந்தது. பைக்குள் கையை விட்டு ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டேன்.

அவரோ தன் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார். மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு, கிரைண்டருக்காகத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வைத்திருந்த பிளக் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து செம்மண் சேறு கொழகொழவென்று வழிந்து அந்த மின்னுகிற தரையில் விழுந்தது. அடுத்த அறையிலும் கழற்றினார். அங்கேயும் சேறு. எனக்கு உயிர் வந்தது. வெள்ளம் உள்ளே வந்ததற்குக் கம்பெனி காட்டச் சொல்கிற சாட்சி அந்த வீட்டில் அது ஒன்றுதான் மிச்சம். அவர் போட்டோ எடுக்கப் போனைத் தூக்குகிறார், பஞ்சவர்ணம் துணியோடு பாய்ந்து வருகிறாள். ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்படியும் கத்துகிறாள்.

"அய்யய்யோ சார், அதுக்குள்ள போயிருக்கும்னு எனக்குத் தெரியாது சார்! செத்த நேரம் இருங்க, தொடச்சு விட்டுர்றேன், அப்பறம் போட்டோ எடுங்க!"

புதுச் சுவர்

சுவருக்கும் எழுதிக் கொடுத்த சாமானுக்கும் ஈடு வந்தது. சேலைகளுக்கு வரவில்லை, அதை அவளும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. இந்தத் தடவை கரையை விட்டு நாலடி உள்ளே தள்ளி, கருங்கல்லில் அடித்தளத்தை உயர்த்தி, அதற்கு மேல் சுவரை எழுப்பியிருந்தார்கள். பார்க்கவே நிறைவாக இருந்தது. உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் என்னைப் பற்றி ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுவாள் என்று நினைத்துக்கொண்டே குடித்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"ஏக்கா, நெசத்தைச் சொல்லுங்க. பேசாமப் பணத்தைக் குடுத்துட்டாங்கன்னா, அடுத்து இந்த ஓடையில என்ன வரப் போகுதுன்னு அவங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்குல்ல?"

தண்ணீர் வடிய ஒரு பொழுது போதுமானதாக இருந்தது. சந்தேகம் வடியத்தான் நான் இன்னும் வடமதுரை பஸ் ஏறிக்கொண்டிருக்கிறேன்.