எட்டு மணிக்குத் திரும்பும் தண்ணீர்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. திருமங்கலத்தில் பஸ் நிற்பதற்கு முன்பே படிக்கட்டுக்கு வந்து நிற்பவள் நான். பால் பொங்கும்வரைகூடப் பொறுமை இருக்காது. துணி மடிக்கப் போய்விடுவேன், பால் அடுப்பில் வழிந்து கிடக்கும். “கால்ல சக்கரத்தையா கட்டியிருக்க?” என்பார் என் வீட்டுக்காரர். அவர் உரக்கடை வைத்திருக்கிறார். கல்லாவில் உட்கார்ந்துவிட்டால் பிடித்து வைத்த பிள்ளையார்தான்.

அப்படிப்பட்ட எனக்குக் கயாக் பைத்தியம் பிடித்தது. நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஆசிரியர்களெல்லாம் சேர்ந்து ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரைக்குச் சுற்றுலா போனோம். அங்கே கயாக் என்கிற அந்த ஒடுக்கமான சின்னப் படகில் ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டேன். கை ஓய்ந்தது, மனசு ஓயவில்லை. அதற்கப்புறம் ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பஸ் ஏறிவிடுவேன்.

எங்கள் ஊர்க் கண்மாயில் மடையைத் திறந்தால் தண்ணீருக்கு ஒரே திசைதான். கடல் அப்படி இல்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் வற்றும். நேற்று வற்றிய நேரத்துக்கு இன்று வற்றாது, முக்கால் மணி நேரம்போலத் தள்ளிப்போகும். அதையெல்லாம் போனில் பார்த்து, நோட்டில் எழுதி, அந்த ஊர் உப்பங்கழிக்கு ஒரு திட்டம் போட்டேன். வற்றுகிற தண்ணீரோடு கழி வழியே கடல் முகத்துவாரத்துக்குப் பக்கம்வரை போவது. எட்டு மணிக்குத் தண்ணீர் திரும்பியதும் அதோடு திரும்பி வருவது.

வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. “துடுப்பே போட வேணாங்க. போறப்ப அதுவே கொண்டுபோய் விடும், வாரப்ப அதுவே கூட்டிட்டு வரும். ஒருக்கா வாங்களேன்” என்று ஒரு மாதம் நச்சரித்தேன். கடைசியில் சரி என்றார்.

நாள் குறித்ததும் நான்தான். அமாவாசை. நிறைந்த நாள். கடை திறந்தது, வண்டி வாங்கியது எல்லாம் அமாவாசையில்தான். இதில் கூத்து என்னவென்றால், அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும் என்று ஒன்பதாம் வகுப்புக்குப் படம் போட்டு நடத்துகிறவளே நான்தான். நாள் பார்க்கும்போது அந்தப் பாடம் மண்டையில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சரியாகப் போயிற்று.

முந்தின நாளே போய்த் தங்கி, காலை ஆறரைக்கு இறங்கினோம். கயாக் வாடகைக்குக் கொடுக்கும் மீனவர் லைஃப் ஜாக்கெட்டை இழுத்துக் கட்டிவிட்டுச் சொன்னார். “அக்கா, இன்னைக்கு அமாவாசைத் தண்ணி. வெரசா இழுக்கும். முகத்துவாரத்துக்குக் கிட்டப் போயிராதீக.”

“எட்டு மணிக்குத் திரும்பிரும்ண்ணே, எல்லாம் பார்த்துட்டேன்” என்றேன்.

ஒரு மணி நேரத்தில் போய்ச்சேர நினைத்த தூரத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், “அட, ஷேர் ஆட்டோ மாதிரில்ல போகுது!” என்று சிரித்தார். நான் உடனே படகைத் திருப்பப் பார்த்தேன். எம்புட்டுத் துடுப்பு வலித்தும் கரை நகரவே இல்லை. அதோ, முகத்துவாரத்தில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நல்லவேளையாக வலை கட்டுவதற்காக ஊன்றிய கம்பு ஒன்று அருகில் வந்தது. “பிடிங்க!” என்று கத்தினேன். பிடித்துவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வேறொன்றும் செய்வதற்கில்லை. என்னால் முடியவில்லை. போனைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன், மறுபடி போனைப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் கம்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எட்டு ஆனது. “திரும்பியாச்சு. விடுங்க” என்றேன்.

அவர் தண்ணீரில் மிதந்துபோன பாசியைக் காட்டினார். “பாசி இன்னும் வெளியதானம்மா போகுது?”

“உங்களுக்கு என்ன தெரியும்? எட்டு மணின்னா எட்டு மணிதான். விடுங்கங்கிறேன்ல!”

விட்டார்.

பாசி போன வழியேதான் நாங்களும் போனோம். முதல் அலையில் படகு குறுக்கே திரும்பியது, இரண்டாவதில் கவிழ்ந்தது. நான் மேலே வந்தபோது அவரைக் காணவில்லை. ஐயோ, அந்த நேரத்தை என்னவென்று சொல்வேன்! அவர் தலை மேலே வந்ததும் ஜாக்கெட் பட்டையைப் பிடித்தவள்தான், அந்த மீனவர் மோட்டார் படகில் வந்து தூக்கும்வரை விடவில்லை.

கரைக்கு வரும்போது மீனவர் திட்டவில்லை. “எட்டு மணிக்கு வெளியில கடல் வத்தி நின்னுரும்க்கா. கழிக்குள்ள இம்புட்டுத் தண்ணி கெடக்குல்ல, அது வடிஞ்சு முடியணும்ல. இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தா அதுவே உள்ள கொண்டாந்திருக்கும்” என்றார்.

கரையில் வீட்டுக்காரர் உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கை இரண்டும் கம்பில் ஒட்டியிருந்த சிப்பி கிழித்து ரத்தமாக இருந்தது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே, பயமெல்லாம் கோபமாகி அவர்மேலேயே பாய்ந்தேன்.

“தண்ணி வெளியதான் போகுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுச்சுல்ல? பெறகு எதுக்கு விட்டீங்க?”

“நீ விடச் சொன்னேல்ல” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். கடையில் யாரோ யூரியா விலை கேட்டதற்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அந்தக் கிழிந்த கையைப் பிடித்துக்கொண்டு நான் ஓவென்று அழுதேன்.