கோட்டுக்காரர் மூழ்கும் பக்கம்

ஃபிளெக்ஸ் கடையில் இருப்பவர்களுக்கு எந்தச் சாவும் உறைக்காது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தபீதாளைப் பார்க்காதவர்கள் பேசுகிற பேச்சு அது. ராஜகீழ்ப்பாக்கத்தில் கதிரேசன் அண்ணன் கடையில் நான் பில் போடுகிறேன், அவள் கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிறாள். காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும் அவள் கைதான். செத்தவர் படத்தைப் பெரிதாக்கும்போது மட்டும் யாரோடும் பேச மாட்டாள்.

அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டிய சந்தில் அவள் வீடு. அப்பா சின்னப்பன் மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டியவர். அந்த டிசம்பர் வெள்ளத்தில் வீட்டாரை மாடியில் ஏற்றிவிட்டு, வண்டியைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு வருகிறேன் என்று இறங்கினார். திரும்பவில்லை. உடல் கிடைத்தபோது சந்து முழுக்கச் சேறு, அவரவர் வீட்டுச் சேற்றை அவரவர் வாரிக்கொண்டிருந்தார்கள். யாரைக் குற்றம் சொல்வது? பாதிரியார், தாய், மகள், குழி வெட்டியவர், அவ்வளவு பேர்தான். கூட நின்று அழ ஆளில்லாமல் அந்த மனிதரைப் புதைத்தார்கள்.

வீட்டிலிருந்த போட்டோவெல்லாம் தண்ணீரோடு போயிற்று. உறவுக்காரர் கல்யாணப் படம் ஒன்றில் ஓரமாக நின்ற தலை மட்டும் மிஞ்சியது. அதை எடுத்துக்கொண்டு தாயும் மகளும் அஞ்சலி பேனர் அடிக்க எங்கள் கடைக்கு வந்தார்கள். எங்கள் தொழிலில் இதற்கு வழி உண்டு. தலையை வெட்டி, கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் உடம்பு ஒன்றில் ஒட்டிவிடுவோம். வெள்ளைச் சட்டை உடம்பு, பட்டுச் சட்டை உடம்பு, கோட்டு போட்ட உடம்பு, கேட்டதைக் கொடுப்போம். எது வேண்டும் என்று கதிரேசன் அண்ணன் கேட்டபோது தபீதாளின் அம்மா ஞானம்மாள் கோட்டைக் காட்டினார். அவர்கள் சர்ச்சில் மாப்பிள்ளை என்றால் கோட்டு போட வேண்டும். சின்னப்பனுக்கு வாடகைக் கோட்டுகூட வாய்க்கவில்லை, இரவல் சட்டையில் நின்று தாலி கட்டியிருக்கிறார்.

“அப்பதான் போடல. இப்பனாச்சும் போட்டுக்கட்டும்ப்பா” என்றார் ஞானம்மாள்.

ஆயுசு முழுக்க லுங்கியில் இருந்தவர் நீலக் கோட்டும் டையுமாகச் சந்து முனையில் பேனராக நின்றார். பார்க்கத்தான் நாதியில்லை. பேனரை அவிழ்த்து வந்து ஞானம்மாள் வீட்டுச் சுவரில் ஆணியடித்துக்கொண்டார். அந்தப் பழக்கத்தில்தான் தபீதாள் பிற்பாடு எங்கள் கடைக்கு வேலைக்கு வந்தாள்.

சாப்பாட்டு வேளையில் போனில் படக்கதை வரைய ஆரம்பித்தாள். சூரியன் அவிந்துபோன ஒரு நகரம். அங்கே ஆற்றுக்கு வாய் உண்டு. வருஷா வருஷம் அது ஒரு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும், கூப்பிட்டவர் இறங்கியாக வேண்டும். மற்றவர்கள் மொட்டை மாடிகளில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வாராவாரம் இன்ஸ்டாவில் போட்டாள். நாளெல்லாம் இங்கே பார்க்கிற இழவு போதாதா, இதையும் வேறு வரைய வேண்டுமா என்று திட்டினேன்.

“யாராச்சும் ஒருத்தர் எங்கப்பாவுக்காக அழுதா போதும்க்கா” என்றாள்.



வாசகர்கள் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ரொம்ப இருட்டாக இருக்கிறது, கொஞ்சம் வெளிச்சம் போடு என்றான் ஒருவன். படித்தால் தூக்கம் வரவில்லை, நம்பிக்கை கொடுங்கள் என்று ஒரு அம்மா வாரம் தவறாமல் எழுதினார். ஆற்றுக்கு ஒரு கல்யாணம் பண்ணிவை, அடங்கிவிடும் என்றது ஒரு வெட்டிப் பயல். அவள் எல்லாவற்றையும் படித்துவிட்டு அடுத்த பக்கத்தை இன்னும் கறுப்பாக வரைவாள்.

கடைசியில் அப்பா வரும் பக்கத்துக்கு வந்தாள். பேச்சே கிடையாது. ஆறு கூப்பிடுகிறது, ஒரு ஆள் மாடியிலிருந்து இறங்குகிறார், தண்ணீர் மூடிக்கொள்கிறது. கோட்டு போட்டு வரைந்திருந்தாள். லுங்கியில் வரையேன்டி என்றேன். அம்மாவுக்குக் கண் மங்கல், கோட்டு இருந்தால்தான் அடையாளம் தெரியும் என்றாள்.

அந்தக் கோட்டுதான் கெடுத்தது. நம் ஊர்க் கதையில் கோட்டு போட்டு வருகிறவன் யார்? ஏரியை பிளாட் போட்டு விற்றவன். ஜனங்கள் அப்படித்தான் முடிவு கட்டினார்கள். செத்தான்டா கோட்டு என்று குதித்தார்கள். தண்ணீருக்கு மேலே டை மட்டும் மிதப்பது போல மீம் போட்டார்கள். நம்பிக்கை கேட்ட அந்த அம்மா, இப்போதுதான் மனதுக்கு நிம்மதி என்று எழுதினார். பாவி, உனக்கு நிம்மதி வர எங்கள் சின்னப்பன்தான் கிடைத்தாரா?

அவர் என் அப்பா என்று தபீதாள் கீழே எழுதினாள். செம ட்விஸ்ட், வில்லன் மகள்தான் ஹீரோயினா என்று பதில் வந்தது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாருடைய பிறந்தநாள் பேனருக்கோ பலூன் ஒட்டினாள்.

இந்தச் சமயத்தில்தான் பட்டாபிராமன் சார் வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர்கள் காலனி வாசகர் வட்டத்துக்கு நாங்கள்தான் பேனர் அடிப்போம். படக்கதையைத் திரையில் போட்டுப் பேசுவோம், நீங்களும் பேச வேண்டும் என்றார். தபீதாள் உடனே ஒத்துக்கொண்டாள். மைக்கைப் பிடித்து மூழ்கியது தன் அப்பா என்று எல்லார் முகத்துக்கும் நேராகச் சொல்லிவிடப் போவதாக என்னிடம் சொன்னாள். அப்பா படம் பெரிதாக வரும் என்று சொல்லி அம்மாவையும் கூட்டி வந்தாள்.

ஹால் நிறையக் கூட்டம். பக்கம் பக்கமாகத் திரையில் வந்தது. ஞானம்மாள் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீலக் கோட்டு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் மூடியது. ஹாலே கை தட்டியது, பின்னால் யாரோ விசில் அடித்தார்கள்.

ஞானம்மாள் எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கூப்பினார். கண்ணில் தண்ணீர் ஓடியது. யாரென்று தெரியாமலே அவருக்கும் சேர்த்துக் கை தட்டினார்கள்.

“இத்தினி பேர் வந்துகீறாங்க பாரு” என்றார் மகளிடம். “அன்னிக்கு ஒருத்தரும் வரல.”

பட்டாபிராமன் சார் மைக்கை நீட்டினார். அந்தக் காட்சியில் கிடைக்கும் திருப்தியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். தபீதாள் அம்மாவைப் பார்த்தாள். கூப்பிய கை இன்னும் இறங்கவில்லை. தேங்க்ஸ் என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில், ஷேர் ஆட்டோவில், ஞானம்மாள் கேட்டார்.

“உங்கப்பாவ மறுபடி எப்ப போடுவாங்க?”

“போடுவாங்கம்மா” என்றாள் தபீதாள். “அந்தப் பக்கம்தான் எல்லாருக்கும் புடிச்சிருக்கு.”