மொத்தம் போடாத பள்ளிக்கூடம்

பத்தாம் வகுப்பு முடித்த என் பேத்தி, திருவனந்தபுரத்தில் வெளிநாட்டுப் பாடத்திட்டம் நடத்தும் ஒரு விடுதிப் பள்ளியில் சேர வேண்டும் என்றாள். எதற்கு என்று விசாரித்தேன். ஏழு காரணங்கள் தேறின. மஸ்கட்டிலிருந்து மருமகன் போனில் மூன்று சொன்னார்: உலகத் தரம், மனப்பாடம் கிடையாது, வெளிநாட்டுக் கல்லூரிகள் கூப்பிட்டு இடம் கொடுக்கும். அந்தக் கல்லூரிகளுக்கு வேறு வேலை இல்லை போலும். மகள் இரண்டு சொன்னாள்: வகுப்புக்குப் பதினெட்டுப் பிள்ளைகள்தான், இங்கிலீஷ் தானாக வந்துவிடும். மீதி இரண்டும் பள்ளியின் வழவழப்பான கையேட்டில் இருந்தன: தலைமைப் பண்பு, குதிரையேற்றம். நாஞ்சில் நாட்டில் குதிரையேறி எந்த வயலுக்குப் போவது என்று கையேட்டில் இல்லை.

படிக்கப் போகிறவள் மட்டும் காரணம் ஏதும் சொல்லவில்லை. நுழைவுத் தேர்வுக்கு நான்தான் பேருந்தில் கூட்டிப் போனேன். மார்த்தாண்டம் சந்திப்பில் வண்டி நாற்பது நிமிடம் நகரவில்லை. முன்னால் நின்ற வண்டிகளை முப்பத்தொன்று வரை எண்ணிவிட்டு அவளைக் கேட்டேன்.

"அங்க மொத்தம் போடமாட்டாவ தாத்தா. பாடத்துக்கு ஒரு எழுத்து. அவ்வளவுதான்."

"அதுல என்ன லாபம்?"

"கல்யாண வீட்டுல பருப்பு விட்டு சாம்பார் வாறதுக்குள்ள என்னைய யாரும் வரிசையில நிறுத்த முடியாதுல்லா."

யாரைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் படிக்கிற பிள்ளைகள் பதினான்கு பேர். பந்தியில் யாராவது "எத்தனை மக்கா?" என்றால், அவள் வாய் திறக்கும் முன் நான் சொல்லிவிடுவேன்: நானூற்று முப்பத்தேழு, பதினான்கில் பதினொன்றாவது. சரியான கணக்கைச் சொல்வது ஊருக்குச் செய்யும் உபகாரம் என்று நினைத்திருந்தேன்.

"இனி யாரு கேட்டாலும் பாஸுன்னு மட்டும் சொல்லணும். சொல்லுவியளா?"

"செரி" என்றேன்.

சேர்ந்தாள். இரண்டு வருடம் போனது. முடிவு வந்த அன்று காலையில் என் தங்கை போன் செய்தாள். அவள் பேத்தி பிளஸ் டூவில் ஆயிரத்து நூற்று இருபத்தெட்டு வாங்கியிருந்தாள்.

"பிள்ளைக்கு எத்தனைண்ணே?"

"பாஸ்."

"பாஸா? ரெண்டு வாட்டி எழுதித் தேறினது மாதிரில்லா சொல்லுதிய."

எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு ஏ, ஒரு பி."

"நான் ரத்த குரூப்பா கேட்டேன்? எண்ணைச் சொல்லுங்க."

ஏ என்றால் எண்பதுக்கு மேல், பி என்றால் எழுபதுக்கு மேல் என்று அந்தப் பள்ளி அலுவலகத்தில் முன்பே விசாரித்து வைத்திருந்தேன். எண்பதுக்கும் நூறுக்கும் நடுவே தொண்ணூறு. அப்படி இரண்டு. பி-க்கு எழுபத்தைந்து. முந்நூற்றுக்கு இருநூற்று ஐம்பத்தைந்து. பிளஸ் டூவின் ஆயிரத்து இருநூறுக்கு மாற்றினால் ஆயிரத்து இருபது. தங்கையிடம் சொன்னேன். சொன்னபோது, உண்மையைச் சொல்லட்டுமா, உடம்புக்குச் சுகமாக இருந்தது.

தங்கை இருக்கும் அருமனையிலிருந்து மதியத்துக்குள் மூன்று போன் வந்தது. மூன்றிலும் ஒரே ஆறுதல்: "ஆயிரத்து இருபதும் மோசமில்ல, நூத்தியெட்டுதான கொறவு." கடைசிப் போனை எடுத்தவள் பேத்தி. கேட்டுவிட்டு வைத்தாள்.

"யாருக்க கணக்கு தாத்தா இது?"

"சராசரியாக்கும்" என்றேன். அதுவும் சரியான பதில்தான்.

அவள் கோபப்படவில்லை. ஏழு காரணமும் தானாகப் பொய்யாய்ப் போனது. அவள் சொன்ன எட்டாவதை நான் ஒருவனே கெடுத்தேன்.

இப்போது அவள் பூனாவில் படிக்கிறாள். ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். விடுதியின் மாடிப்படி எழுபத்திரண்டு, சப்பாத்திக்கு நான்கு பேர் வரிசை, மழை ஆறு நாளாக விடவில்லை என்று எனக்குப் பிடித்த மாதிரியே சொல்கிறாள். இரண்டு வருடத்தில் நான்கு பருவத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். ஒன்றைப் பற்றியும் சொன்னதில்லை.