எந்த ஊருக்குப் பதினைந்து?

என் அப்பா பஸ் டிரைவர். திண்டுக்கல்லிலிருந்து சின்னாளபட்டி வழியாக நிலக்கோட்டைக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றை ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து ஓட்டினார். எங்கள் ஆட்கள் எல்லாரும் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த காலத்தில், அவர் மட்டும் நெசவை விட்டுவிட்டு ஸ்டியரிங் பிடிக்கப் போனவர். அந்தப் பெருமை அவருக்குக் கடைசி வரை இருந்தது. திண்டுக்கல்லில் பேகம்பூரை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. காக்கிச் சட்டையை அவரே துவைத்து அவரே பெட்டி போடுவார், அம்மாவைக்கூடத் தொட விடமாட்டார்.

அவர் இரண்டு விதமான கேஸைப் பற்றிப் பேசுவார். ஒன்று ஸ்பீடு கேஸ், இன்னொன்று லேட் கேஸ். வேகமாகப் போனதற்குப் போலீஸ் எழுதுவது முதலாவது. அதற்குக் கோர்ட்டில் அபராதம் கட்டுவது முதலாளி. டீசல் போடுவதைப் போல, டயர் மாற்றுவதைப் போல அதுவும் அவருக்கு ஒரு செலவு, முகம் கோணாமல் கட்டிவிடுவார். ஸ்டாண்டுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தால் அதுதான் லேட் கேஸ். பின்னால் வருகிற எதிர்க்கம்பெனி பஸ் நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்கு முதலாளி எல்லார் முன்னாலும் வைவார், மறுநாள் வண்டி கொடுக்கமாட்டார், ஷெட்டில் சும்மா உட்கார வைப்பார். மனிதன் எதற்குப் பயப்படுவான்? அப்பா லேட்டுக்குத்தான் பயந்தார். கனவில்கூட அவர் மணி என்ன என்று கேட்டதை நான் கேட்டிருக்கிறேன்.

என்னை அதே பஸ் போகும் பாதையில், சின்னாளபட்டியைத் தாண்டி ஒரு நெசவு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். அப்பா மகளைத் தினமும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கு அப்படியில்லை. அந்த ஊரில் தெருவும் சாலையும் ஒன்றுதான். வீட்டு வாசற்படியிலிருந்து இறங்கினால் பஸ் பாதை. போன முதல் வாரமே எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இந்தத் தெருவில் யாராவது ஒருவர் என்றைக்காவது என் அப்பாவின் வண்டியில் அடிபட்டுவிடுவாரோ என்ற பயம். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு வீட்டிலும் எனக்கு இடமிருக்காது.

அந்தப் பயத்தைக் கொஞ்சம் அடக்கி வைத்தது பாவுதான். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீளவாக்கில் ஓடும் நூலைத்தான் பாவு என்போம். அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பெரிய பிரஷால் இழை இழையாகத் தேய்த்துக் காயவைக்க வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு வேறு இடமில்லை. விடிந்ததும் சாலையின் ஒரு பாதியில் கவட்டைக் கம்புகளை நட்டு வெள்ளை வெளேரென்று பாவு நீட்டிவிடுவார்கள். ஆணும் பெண்ணுமாய்ப் பிரஷைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடப்போம். கண் நூலில் இருக்கும், முதுகு சாலையில் இருக்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் பைத்தியங்கள் என்று நினைப்பார்கள்.

பஸ் வந்தால் ஊர் எல்லையில் நிற்கும். கண்டக்டர் இறங்கி முன்னால் நடப்பார், பஸ் அவர் பின்னால் ஊர்ந்து வரும். வேகமாக வந்தால் காற்றும் புழுதியும் ஈரக் கஞ்சியில் ஒட்டிப் பாவே பாழாகிவிடும் என்று எல்லா டிரைவருக்கும் தெரியும். இழை அறுந்தால் தெருவே பஸ்ஸைச் சுற்றிக்கொள்ளும் என்பதும் தெரியும். இப்படி நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எந்தப் போலீஸும் வந்து நிற்கவில்லை. ஆனால் அந்தத் தெருவில் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை.

அப்பா அந்த வழியாகப் போகும்போது என் பக்கம் திரும்பக்கூட மாட்டார். டூட்டியில் சொந்தபந்தம் கிடையாது என்பது அவர் கொள்கை. நேரே பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு போவார். அந்தப் பல்கடிக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். இங்கே போகிற நேரத்தை ஊர் தாண்டியதும் பிடிக்க வேண்டும். பிடிப்பார். கடைசி வீட்டைத் தாண்டியதும் எஞ்சின் அலறுகிற சத்தம் எங்கள் அடுப்படி வரை கேட்கும்.

லீவு நாளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் இதே பேச்சுதான். சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அப்பா தொடங்குவார்.

"சம்மந்தி, திண்டுக்கல்லுல இருந்து நிலக்கோட்டை வரைக்கும் எனக்கு ஒரு தொல்லையும் இல்ல. ஒங்க தெரு ஒண்ணுலதான் என் பொழப்பு போகுது."

என் மாமனார் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பதில் சொல்வார். "ஒங்க பொழப்பு ரோட்டுல போகுது. எங்க பொழப்பு ரோட்டுலயே கெடக்குது. நாங்க எங்க போக?"

நான் இருவருக்கும் வெஞ்சனம் வைத்துக்கொண்டிருப்பேன். இருவர் சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே எரிச்சலாக வந்தது.

பிறகு சாலையை அகலப்படுத்தித் தார் போட்டார்கள். பஸ் முதலாளிகள் எல்லாரும் சேர்ந்து மேலே எழுதிப் போட்டார்கள் என்று கேள்வி. சாலையில் பாவு நீட்டக்கூடாது, மீறினால் அபராதம் என்று தண்டோரா போட்டுவிட்டுப் போனார்கள். அப்படியானால் எங்கள் உயிருக்கு என்ன உத்தரவாதம் என்று ஊரில் சிலர் கேட்டதற்கு, அதற்கும் ஏற்பாடு செய்தாயிற்று என்று பதில் வந்தது. சில நாட்களில் ஊரின் இரண்டு எல்லையிலும் இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில் ஒரு வட்டத் தகடு மாட்டினார்கள். தகட்டில் பதினைந்து என்ற எண் மட்டும் இருந்தது.

மணிக்குப் பதினைந்து மைலுக்கு மேல் போகக்கூடாது என்று அர்த்தம். எனக்கு அது அப்பாவால் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. அவர்கள் அதுவரை சாலையோரத்தில் எண்ணைப் பார்த்ததெல்லாம் மைல் கல்லில்தான். தகட்டைச் சுற்றிப் பெரிய கூட்டம் நின்றது. என் மாமியார் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது எந்த ஊருக்குப் பதினஞ்சு?"

நிலக்கோட்டைக்கு என்றார் ஒருவர். நிலக்கோட்டை அம்புட்டுத் தூரம் இல்லையே என்றார் இன்னொருவர். அப்படியானால் மறு எல்லையிலும் அதே பதினைந்து எப்படி வரும், இந்த ஊர் என்ன நடுவிலா இருக்கிறது என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. நான் போய் விளக்கினேன். வேகத்தைத் தகட்டில் எழுதி மாட்டினால் பஸ் எப்படிக் கேட்கும் என்று மாமியார் சிரித்தார். கம்பத்தை நட்டவன் தப்பாக அளந்துவிட்டான் என்பதுதான் கடைசி வரை ஊரின் தீர்ப்பு.

சிரித்தாலும், முதலில் அது வேலை செய்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் தகட்டோடு போலீஸும் வந்தது. ஊருக்கு வெளியே புளியமரத்தின் மறைவில் ஒருவர் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார். தள்ளி இன்னொருவர் நின்று பஸ் கடக்கும்போது கைக்குட்டையை அசைப்பார். எடுத்த நேரத்தைக் கணக்குப் பார்த்துக் கேஸ் எழுதுவார்கள். அப்பா ஒரு முறை மாட்டினார். முதலாளி வழக்கம்போல அபராதத்தைக் கட்டிவிட்டார். ஆனால் இந்த முறை அப்பாவின் லைசென்ஸிலும் ஒரு குறிப்பு எழுதிவிட்டார்கள், இன்னும் சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும். அதை முதலாளி பணம் கட்டி அழிக்க முடியாது. அப்பாவின் முகத்தில் முதல்முறையாக லேட்டைத் தவிர வேறொரு பயத்தைப் பார்த்தேன். கொஞ்ச நாள் அவர் வண்டி மாட்டுவண்டியைப் போல வந்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் டிரைவர்களுக்கு மூளை இல்லையா? எதிரே வருகிற பஸ்ஸுக்குக் கையைத் தட்டையாக வைத்து இரண்டு முறை தாழ்த்திக் காட்டினால் புளியமரத்தில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். கை காட்டாவிட்டால் ஆள் இல்லை. அப்பா புளியமரம் வரை பூனையாக வருவார், மரம் தாண்டியதும் புலி. மரம் இருந்தது ஊருக்கு வெளியே, நாங்கள் இருந்தது உள்ளே. அபராதத்துக்குப் பயந்தவர்கள் அபராதம் போடுகிறவர் இருக்கும் இடத்தில்தான் மெதுவாகப் போனார்கள். பிறகு கடிகாரக்காரருக்கும் வேறு ஊரில் வேலை வந்தது. மரம் மட்டும் நின்றது.

பாவு இல்லாத சாலை இப்போது காலியாகக் கிடந்தது. கறுப்பாக, வழவழவென்று, அகலமாக. நாங்கள் பாவைச் சாலைக்கு அந்தப் பக்கத்துப் பொட்டலுக்குக் கொண்டுபோய்விட்டோம். கஞ்சிப் பானை, கம்பு, நூல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நாளெல்லாம் சாலையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தோம். முன்பு பஸ்தான் எங்களுக்குள் புகுந்து வந்தது, இப்போது நாங்கள் பஸ்ஸுக்குக் குறுக்கே போனோம். யார் யாருக்குப் பயப்பட வேண்டும் என்பது தலைகீழாகிவிட்டது. என் பழைய பயம் திரும்பி வந்தது.

ஒரு நாள் வழியில் அம்பாத்துரை ரயில்வே கேட்டில் பஸ்ஸை வெகுநேரம் நிறுத்திவிட்டார்களாம். என் கொழுந்தன் சுருட்டிய பாவைத் தோளில் போட்டுக்கொண்டு பொட்டலிலிருந்து திரும்பினான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வயது. தோளில் இருந்த பாவுச் சுருள் அவன் முகத்தை ஒரு பக்கம் மறைத்திருந்தது. அந்தப் பக்கமிருந்துதான் பஸ் வந்தது. பிரேக் பிடித்த சத்தத்தில் நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்தேன். அது யார் வண்டி என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை. தகட்டுக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே அவன் கிடந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே இருக்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது. நூல் சாலை முழுக்கச் சிதறியிருந்தது.

அப்பா அவனைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சீட்டில் கிடத்தினார். நானும் மாமனாரும் ஏறிக்கொண்டோம். பஸ்ஸைத் திருப்பித் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு விட்டார். பயணிகள் ஒருவரும் இறங்கவில்லை, எந்த ஸ்டாப்பிலும் நிற்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் பஸ்ஸில் போனதில்லை. இன்னும் வேகமாகப் போகாதா என்று மாமனார் முனகிக்கொண்டே வந்தார். அப்பாவின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மேல் எனக்கு வெறுப்பாக இருந்தது. இரக்கமாகவும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

கொழுந்தன் பிழைத்தான். கால் கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை. தறியில் மிதிக்கட்டையை மிதிக்க இரண்டு காலும் வேண்டும். அவன் அதற்குப் பிறகு தறிக்குழியில் இறங்கவில்லை. கோர்ட்டில் அபராதம் போட்டார்கள், முதலாளி கட்டினார். அப்பாவின் லைசென்ஸைச் சில மாதங்களுக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். முதலாளி அதே பஸ்ஸுக்கு வேறு டிரைவர் போட்டார், அதே நேர அட்டவணையோடு. அந்த ஆள் தகட்டைத் தாண்டிப் போன வேகத்தை நான் வாசலில் நின்று பார்த்தேன். அப்பாவை வீட்டில் உட்கார வைத்ததால் எங்கள் தெருவுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை.

மாமனார் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கொழுந்தன் வீடு திரும்பிய சில நாட்களில் ஒரு விடியற்காலையில் பாவைக் கொண்டுவந்து சாலையிலேயே நீட்டினார். ஒரு நுனியை எங்கள் வாசல் கம்பில் கட்டினார். மறு நுனியைக் கட்டத் தோதான இடம் தேடி, கடைசியில் அந்தப் பதினைந்து எழுதிய இரும்புக் கம்பத்தில் இறுக்கிக் கட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்களும் அவரவர் பாவோடு வந்தார்கள். முதலில் வந்தது எதிர்க்கம்பெனி பஸ். ஊர் எல்லையிலேயே நின்றது. கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி முன்னால் நடந்தார்.

போலீஸ் வந்து போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று எங்கள் மேல் கேஸ் எழுதியது. எங்களுக்கு அபராதம் கட்ட எந்த முதலாளியும் இல்லை. ஊர் சேர்ந்து கட்டியது, கட்டிவிட்டு மறுநாளும் பாவு நீட்டியது. வேகமாகப் போனவர்கள் வேறு யாரோ கட்டிய அபராதத்தோடு தப்பித்த சாலையில், மெதுவாகப் போகவைத்ததற்காக நாங்கள் சொந்தக் கையால் கட்டினோம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அந்த மாதங்களில் அப்பா எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது என்று அம்மா சொல்லி அனுப்பினார். அடுத்த நாள் காலையில் நான் பிரஷோடு பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அது யார் நிறுத்துகிற விதம் என்று திரும்பாமலே தெரிந்தது. கொழுந்தன் வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டிருந்தான். அவனும் தலையைத் தூக்கவில்லை.

கண்டக்டர் இறங்கினார். ஆனால் பஸ் அவர் பின்னால் ஊர்ந்து வரவில்லை. டூட்டியில் சொந்தபந்தம் கிடையாது என்று சொன்ன மனிதர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"தாயி, கஞ்சி காய எம்புட்டு நேரமாகும்?"

"செத்த நேரம் ஆகும்ப்பா."

பஸ்ஸுக்குள் யாரோ லேட்டாகிறது என்று சத்தம் போட்டார்கள். அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு, கைகளை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.