சத்தமில்லாமல் ஓடிய டிவிகள்

டிவி மெக்கானிக் வீட்டில் டிவி கிடையாது. ஊரார் டிவியெல்லாம் கடையில் குவிந்து கிடக்கும்போது வீட்டுக்கு வேறு எதற்கு என்பான். பெண்டாட்டியும் அதை அக்கம்பக்கத்தில் பெருமையாகவே சொல்லி வந்தாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. விடிந்ததும் போனால், திரும்பி வரும்போது பாப்பா தூங்கி வழிவாள். பகல் முழுக்க அப்பாவோடு கடையில்தான். ரிப்பேர் முடிந்த டிவியை உடனே தூக்கிக் கொடுத்துவிட முடியாது. ஒரு நாளாவது ஓடவிட்டால்தான் கோளாறு தீர்ந்ததா என்று தெரியும். பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருமுறை, "காது கிழியுதுப்பா!" என்று சண்டைக்கு வந்ததிலிருந்து, எல்லாவற்றையும் சத்தத்தை அடியோடு குறைத்துத்தான் ஓடவிடுவான்.

பாப்பா ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பாள். அழுகை இல்லை, அடம் இல்லை. "தங்கமான புள்ளப்பா," என்பார்கள் வருகிறவர்கள். மெக்கானிக்குக்குத் தலைகால் புரியாது. கழற்றிய ஸ்க்ரூ தொலையாமலிருக்க நாலைந்தை உதட்டில் கவ்விக்கொள்வது அவன் பழக்கம். பிள்ளையிடம் பேச வாய் ஏது?

இரண்டரை வயதாகியும் பாப்பா பேசவில்லை. கூப்பிட்டால் பாதி நேரம் திரும்புவதும் இல்லை. "நிறைமாசம் வரைக்கும் அந்தத் துணி வெளுக்குற மெஷின் சத்தத்துல நின்னேனே. வயித்துலயே புள்ளைக்குக் காது போயிருச்சுங்க. நான்தான் பாவி," என்று பெண்டாட்டி ஆறு மாதமாக அழுதாள்.

"சும்மா இரு, எல்லாம் சரியாயிடும்," என்று அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். உள்ளுக்குள் ஏதோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் பழி அவள் தலையில் இருந்தது அவனுக்கு வசதியாக இருந்தது. வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்ல?

கடைசியில் இருவருமாகத் தூக்கிப்போக, டாக்டரம்மா பாப்பாவின் காதைச் சோதித்தார். "காது நல்லாக் கேக்குது. வீட்ல டிவி பாப்பாளா?"

"வீட்ல டிவியே இல்லைங்க, டாக்டர்," என்றாள் பெண்டாட்டி நிமிர்ந்து. அவன் தரையைப் பார்த்தான்.

அப்போது பாப்பா மேசையிலிருந்த காகிதங்களை எடுத்துத் தட்டி அடுக்கினாள். டாக்டரை நேருக்கு நேர் பார்த்து, புருவத்தை உயர்த்தி, வாயை அசைத்தாள். கடகடவென்று அசைத்தாள், நடுவில் நிறுத்தினாள், கடைசியில் அளவாக ஒரு புன்னகை. சத்தம் மட்டும் துளிக்கூட வரவில்லை.

"யாரைப் பாத்து இப்படிச் செய்றா?"

"தெரியலையே, டாக்டர்."

மெக்கானிக்குக்குத் தெரிந்தது. கடை டிவியில் பதினொரு மணிச் செய்தி வாசிப்பவள். பேசுவதென்றால் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது குழந்தை. அவன் கூனிக் குறுகிப்போனான்.

"கடையில டிவி பாக்குறா மேடம்," என்றான். "பகல் பூரா. சத்தம் வைக்கமாட்டேன். நானும் பேசமாட்டேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. "பேச்சு வந்துரும். டிவிய நிறுத்துங்க. ஆளுங்க பேசணும், ஓயாமப் பேசணும்," என்றார்.

படியிறங்கும்போது பெண்டாட்டி மெதுவாகக் கேட்டாள். "நான் அழுதப்பல்லாம் பக்கத்துலதானே படுத்திருந்தீங்க?"

அவன் படியிலேயே நின்றான். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

பஸ்ஸில் அவள் பாப்பாவிடம் வாய் மூடவில்லை. "இது ஜன்னல். அது மரம். அதோ பாரு, நாய்." திடீரென்று நிறுத்தி, பிள்ளையை அவன் மடியில் தொப்பென்று வைத்தாள்.

"பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"எதையாவது."

பாப்பா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான், வெளியே மரத்தைப் பார்த்தான். கடைசியில் தன் நெஞ்சில் கைவைத்து, பஸ்ஸில் எல்லோரும் கேட்கும்படி, பெற்ற மகளிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான்.

"இது அப்பா."

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். அவன் மறுபடியும் சொன்னான்.