கரியால் கீறிய தெரு

போர்க்காலத்தில் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் உரும்பிராயில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தன. அங்கே பால்மா பங்கிடப் போனபோதுதான் மீன் விற்கும் பெண் ஒருவரைக் கண்டேன். நெடிய உருவம், வெயிலில் கறுத்த முகம். கதைக்கும்போது கைவிரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருப்பார். காலையில் சமையல் முடிந்ததும் அடுப்புக்கரியை எடுத்து, வகுப்பறைச் சுவரில் குருநகரில் விட்டு வந்த தங்கள் தெருவைப் படமாகக் கீறுவார். "கிணறு உந்தப் பக்கமில்லை, அங்காலை" என்று யாராவது சொன்னால், அழித்துவிட்டு மறுபடி கீறுவார்.

ஷெல் வீச்சில் மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி ஒருநாள் அவரிடம் வந்தாள்.

"என்ரை பிள்ளையை எங்கடை வீட்டு வாசலிலை கீறிவிடுங்கோ அக்கா."

அவர் கரியை அவள் கையில் வைத்தார். "நீ கீறு."

"எனக்குக் கீறத் தெரியாது."

"போன கிழமை வரைக்கும் எனக்கும் தெரியாது."

அவள் ஒரு தலையும் ஒரு சைக்கிளும் கீறினாள். பிறகு சுவரில் நெற்றியை வைத்து, வந்த நாள் முதல் அடக்கிவைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். மறுநாள் மற்றவர்களும் கரி கேட்டு வந்தார்கள்.

தெரு நிறைந்த பிறகும் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஓரிடம் வெறுமையாக இருந்தது.

"உது ஆரின்ரை வீடு அக்கா?" என்று கேட்டேன்.

"என்ரை."

"ஏன் கீறேல்லை?"

"அதை நான் போய்த்தான் பாப்பன், தம்பி."

சில மாதங்களில் அவர்கள் வேறிடம் போய்விட்டார்கள். அவர் திரும்பினாரா என்று எனக்குத் தெரியாது. இன்றும் குருநகர்ப் பக்கம் போனால், வாசல்களில் நிற்கும் முகங்களைப் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன்.