சம்பந்திக்கு வாங்கிய கேன் தண்ணீர்

ஆம்பூரில் எங்கள் காலனிக்கு நகராட்சிக் குழாய் கிடையாது. சொந்த போர்வெல், சொந்த டேங்க். எல்லா வீட்டிலும் குடிப்பது அந்தத் தண்ணீர்தான்.

கொஞ்ச நாளாகக் கலங்கலாக வருகிறது. சோறு வடித்தால் மஞ்சளாகிறது. லேபில் கொடுத்துப் பாருங்கள் என்று நான் கத்தாத நாளில்லை.

ஒருவழியாக இன்று காலை எங்கள் சங்கச் செயலாளர் நசீர் பாய் சாம்பிள் பாட்டிலைக் கையில் எடுத்தார். நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே.

எட்டிப் பார்த்தால், தன் வீட்டுக்கு நேற்று வந்த சம்பந்திகளுக்காகக் கடையில் வாங்கிய கேனைச் சாய்த்து பாட்டிலை நிரப்பிக்கொண்டிருக்கிறார்!

"இன்னா பாய் இது? டேங்க் தண்ணியத்தானே டெஸ்ட் பண்ணணும்?"

"எப்படிம்மா? லேபுல எல்லாம் படிச்ச பசங்க. அந்தக் கலங்கல் தண்ணியக் கொண்டு போய் நீட்டுனா நம்ம காலனியப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

"அப்ப நாம மட்டும் அதக் குடிக்கலாமா?"

"நாம வீட்டு மனுஷங்கதானேம்மா!"

பாட்டிலைப் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டு, டேங்க் குழாயில் நானே நிரப்பிக் கொடுத்தேன். பாய் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு கைக்குட்டையில் சுற்றி, வெளியே தெரியாதபடி பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

ஆக, எங்கள் காலனியில் நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டுமென்றால் ஒன்று சம்பந்தியாக வர வேண்டும், இல்லையென்றால் லேபில் வேலை பார்க்க வேண்டும்.

உங்கள் காலனியில் எப்படி?